நேரில் பார்த்தோம்

போன வாரம் டேப்பக்காவின் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து, சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டோம். அவள் ஒரு வாரமாக அப்படியேவா உட்கார்ந்திருப்பாள்? நாம் இந்தப் பக்கம் திரும்பியதுமே பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். கையெழுத்தும் போடவில்லை, காகிதத்தைக் கிழிக்கவும் இல்லை.

காலையில் அது மேஜை மேலேயே கிடந்தது. ரொட்டித் தட்டை அதன் மேல் வைக்கப் போன மகள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் போடலியாம்மா?"

"கண்ணு தெரியுதுல்ல? கேட்டுக்கிட்டிருக்க."

நாலே வரிக் காகிதம். பகுதி நேர உறுப்பினர்களின் படியைப் பற்றிக் கொடுத்த மனுவிலிருந்து என் பெயரை விலக்கிக்கொள்கிறேன் என்று டைப் அடித்து, கீழே புள்ளிக்கோடு போட்டிருந்தது.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். வாடகைத் தீர்ப்பாயம் என்பது வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் சண்டை வந்தால் வாடகையை நிர்ணயம் பண்ணுகிற இடம். ஒவ்வொரு வழக்கையும் இரண்டு பேர் உட்கார்ந்து கேட்பார்கள். ஒருவர் சட்டம் படித்தவர், இன்னொருவர் கட்டடம் தெரிந்தவர். நம்ம ஆள் இரண்டாவது வகை. இருபது வருஷம் கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்தாள். சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் போன பிறகு இந்த நியமனம் வந்தது. மூன்று வருஷம், பகுதி நேரம். வழக்கு கேட்க உட்காரும் நாளுக்கு மட்டும் ஒரு படி. கைப்பையில் எந்நேரமும் அளவெடுக்கும் டேப்பை வைத்திருப்பதால் அங்கே எல்லாருக்கும் அவள் டேப்பக்கா.

அந்த ஒரு படியிலும் ஆயிரம் நுணுக்கம். வழக்கு ஒரு மணிக்கு முன்னால் முடிந்தால் அரை நாள் படிதான். வக்கீல் பன்னிரண்டே முக்காலுக்கு வாய்தா வாங்கிக்கொண்டு போய்விட்டால், அடுத்த வழக்குக் கட்டை வீட்டுக்குத் தூக்கிவந்து ராத்திரி வரை படித்தாலும் அரை நாள்தான். வாடகை வீட்டை நேரில் போய்ப் பார்த்து, மாடி ஏறி, சுவரைத் தட்டி, அளந்து வருவதற்குப் பத்துப் பைசா கிடையாது.

பன்னிரண்டு பகுதி நேர உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். மனு போன மறு மாதமே எல்லாருடைய மூன்று வருஷமும் முடிகிற நேரம் வந்துவிட்டது. பதிவாளர் இந்த நாலு வரிக் காகிதத்தை ஆளுக்கொன்றாக அனுப்பிவிட்டுப் போனும் பண்ணினார். "மனுவும் மறுநியமனமும் ஒரே மேஜைக்குத்தான் போகுது. பார்த்துக்குங்க."

பத்துப் பேர் பார்த்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது டேப்பக்காவும், பிளம்பராக இருந்து உறுப்பினரான குழாய்க்காரரும். இன்றைக்குப் பதினொரு மணிக்கு அவள் நியமனக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும்.

"போட்டுத் தொலையேன்" என்றார் கணவர்.

அவர் பல் செட் செய்பவர். முன்னறைதான் பட்டறை. சாப்பிட வரும்போதும் கையில் யாருடைய தாடையாவது இருக்கும். இப்போது ஒரு கீழ்த் தாடை மேஜை ஓரத்தில் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"பத்துப் பேர் போட்டாச்சு. நீ மட்டும் என்ன, வானத்துலேருந்து குதிச்சவளா?"

"நான் சாரத்துலேருந்து குதிச்சவ. ஞாபகம் இருக்கட்டும்."

"சிரிப்பு வேற. இந்த மாசம் எனக்கு எத்தனை செட் வந்துது சொல்லு? நாலு. மெஷின்ல பல் அடிக்கிற கடை வந்ததுலேருந்து டாக்டருங்க என் பக்கம் திரும்பிப் பார்க்கிறதில்ல. உன் படியும் போச்சுன்னா இந்தப் பல்லை வச்சுக்கிட்டு என்னத்தை மெல்றது?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். பயந்து பேசுகிற மனுஷரிடம் என்ன சொல்வது?

மகள் ஒரு பஸ் கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னாள். "எங்க டிரைவர் வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி டயரைத் தட்டிப் பார்க்கிறாரே, அந்தப் பத்து நிமிஷத்துக்கும் சம்பளம் உண்டுப்பா. அம்மா ஒரு வீட்டையே தட்டிப் பார்க்கிறாங்க."

"அது கம்பெனி, இது கௌரவமான உத்தியோகம்" என்றார் மாமனார், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. முப்பத்தைந்து வருஷம் தபால்காரராக இருந்தவர். "கௌரவ உத்தியோகத்துல போய்க் கூலி கேட்கிறதாவது."

"மாமா, அந்தக் கௌரவத்தைக் கொண்டு போய்க் கொடுத்தா கரண்ட் ஆபீஸ்ல வாங்கிப்பாங்களா? கேட்டுச் சொல்லுங்க, இன்னிக்கே கட்டிட்டு வர்றேன்."

செய்தித்தாள் ஒரு தடவை குலுங்கியது. சிரித்தாரா, கோபப்பட்டாரா என்று தெரியவில்லை.

டேப்பக்கா காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். போடுவதா வேண்டாமா என்று அவளுக்கே இன்னும் தெரியாது.

*

தீர்ப்பாயம் இரண்டாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தவளைப் படிக்கட்டின் முடிவிலேயே பதிவாளர் பிடித்துக்கொண்டார். நல்ல உயரம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. எதையாவது சொல்ல வரும்போது கடிகாரத்தைத் திருகுவது அவர் வழக்கம்.

"கொண்டு வந்திருக்கீங்களா?"

"கொண்டு வந்திருக்கேன் சார்."

"போட்டுட்டீங்கல்ல?"

"இல்ல."

கடிகாரம் ஒரு சுற்றுச் சுற்றியது. "இங்க பாருங்கம்மா. அடுத்த மாசத்துலேருந்து வீடு பார்க்கப் போற வேலையே கிடையாதுன்னு சுற்றறிக்கை தயாரா இருக்கு. வீடு பார்க்கிறதே இல்லைங்கிறப்போ அதுக்குப் படி கேட்டு என்ன பிரயோஜனம்? கையெழுத்து போடுங்க, மூணு வருஷம் நிம்மதியா உட்காருங்க." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

வீடு பார்க்கப் போவதே நின்றுவிடும் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. மனு கொடுத்தவர்களுக்கு இப்படியும் ஒரு பதில் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அந்த இடத்தில் அவளுக்குப் போன மாதம் பார்த்த ஒரு குளியலறை ஞாபகம் வந்தது. இஸ்திரிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் குடியிருக்கும் வீடு. மேல்தளம் புத்தம் புதுசு என்று வீட்டுக்காரர் தீர்ப்பாயத்தில் சத்தியம் பண்ணி, போட்டோவும் காட்டினார். போட்டோவில் தளம் பளபளவென்று இருந்தது. டேப்பக்கா நேரில் போய், ஸ்டூல் மேல் ஏறி, விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து அவள் தோளில் விழுந்தது. போட்டோ பக்கத்து வீட்டுடையது. "நானும் இதைத்தான் மூணு வாய்தாவா சொல்லிக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நேரில் போகாமல் இருந்திருந்தால் அந்தப் போட்டோதான் ஜெயித்திருக்கும்.

"பேனா என்கிட்டயே இருக்கு சார்" என்றாள் டேப்பக்கா. அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

பெஞ்சில் குழாய்க்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழைப்பு முன்னாலேயே முடிந்துவிட்டது. முகம் தொங்கிப் போயிருந்தது.

"ரெண்டு நிமிஷம்கூட ஆகலைக்கா. வீடு பார்க்கிறது நீங்களா ஆசைப்பட்டுச் செய்யறதாமே, அப்புறம் எதுக்குக் காசுன்னு கேட்டாங்க. எனக்கு வாயே வரலை. நன்றின்னு சொல்லிட்டு வந்துட்டேன். எதுக்கு நன்றி சொன்னேன்னு இன்னும் புரியலை."

"தண்ணி குடிச்சீங்களா?"

"இல்ல."

"முதல்ல குடிங்க. போயிடாதீங்க, இங்கேயே இருங்க."

உள்ளே கூப்பிட்டார்கள்.

*

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவரம்மா. நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பயங்கர ஜலதோஷம், கைக்குட்டை மூக்கை விட்டு இறங்கவே இல்லை. வலது பக்கம் நிதி அதிகாரி. இடது பக்கம் கனமான மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர். காலையிலிருந்து அவர் வாயே திறக்கவில்லையாம். மேஜையின் ஓரமாகப் பதிவாளரும் வந்து உட்கார்ந்தார். அவர்களுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் தீர்ப்பாயத்தின் உத்தரவுகள், வருஷ வாரியாக நீல அட்டை போட்டு அடுக்கியிருந்தன.

"மூணு வருஷமா நல்லா வேலை பார்த்திருக்கீங்கன்னு குறிப்பு சொல்லுது" என்றார் தலைவரம்மா. "பன்னெண்டு பேர்ல பத்துப் பேர் மனுவிலேருந்து விலகிட்டாங்க. நீங்க ஏன் விலகலை?"

டேப்பக்கா கைப்பையைத் திறந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தாள்.

"விலகறதுக்கான காகிதம் இதுதாம்மா. மறுநியமனம் வேணும்னா போடுங்கன்னு சொல்லி வந்துது. எனக்கு மறுநியமனம் கட்டாயம் வேணும். அதனாலதான் நேத்து ராத்திரி பேனாவும் கையுமா இது முன்னாடி உட்கார்ந்தேன்."

பதிவாளரின் காது மடல் சிவந்தது.

"யார் அப்படிச் சொன்னது?" தலைவரம்மாவின் குரலில் ஜலதோஷம் காணாமல் போயிருந்தது.

ஒரு பெயரைச் சொன்னால் போதும். மேஜை ஓரத்தில் இருந்த மனுஷர் அதற்குத் தயாராகவே உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைக்கூடத் திருகவில்லை.

"போன்ல சொன்னாங்கம்மா. சொன்னவர் கெட்டவர் இல்ல. அவருக்கும் மேலேருந்து யாராவது போன் பண்ணியிருப்பாங்க. நான் அதைப் பேச வரலை, வேலையைப் பத்திப் பேசத்தான் வந்தேன்."

நிதி அதிகாரி தொண்டையைச் செருமினார். கையில் இருந்த குறிப்பை வாசித்தார். "வீட்டை நேரில் பார்ப்பது உறுப்பினர்கள் தம் சொந்த ஆர்வத்தின் பேரில் செய்வது. அது அவர்களது பணியின் பகுதி ஆகாது. இதுதான் அலுவலகத்தோட நிலை. இதுக்கு என்ன சொல்றீங்க?"

பேச நிறையத் தயார் பண்ணி வைத்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் பண்ணியிருந்தாள். எல்லாம் ஒரே நொடியில் மறந்து போனது. கண்ணுக்கு முன்னால் தெரிந்தது அந்த நீல அட்டைதான்.

"அம்மா, உங்களுக்குப் பின்னாடி அலமாரியில போன வருஷத்துப் புத்தகம் இருக்கு. கொஞ்சம் எடுக்கச் சொல்றீங்களா?"

மூக்குக் கண்ணாடிக்காரர் எழுந்து எடுத்துக் கொடுத்தார்.

"எந்தப் பக்கம் வேணும்?"

"எந்தப் பக்கம் வேணாலும். நீங்களே பிரிங்க."

தலைவரம்மா நடுவாகப் பிரித்தார். கண்களை ஓட்டினார். பிறகு சத்தமாகவே வாசித்தார். "மனுவில் கண்ட வீட்டை நாங்கள் நேரில் பார்த்தோம். சமையலறை ஒன்பதடிக்குப் பத்தடி. வீட்டுக்காரர் கூறியது போலப் பத்துக்குப் பன்னிரண்டு அல்ல. ஆகவே வாடகை குறைக்கப்படுகிறது." அடுத்து ஒரு பத்துப் பக்கம் தள்ளினார். "நாங்கள் நேரில் பார்த்தோம். வீடு நல்ல நிலையில் உள்ளது. குடியிருப்பவரின் புகார் ஏற்கப்படவில்லை." இன்னும் ஒரு பக்கம். "நாங்கள் நேரில் பார்த்தோம்..."

நிமிர்ந்தார். "நாங்கள்னா? நீங்களும் சட்ட உறுப்பினருமா?"

"சார் கீழே வாசல் வரைக்கும் வருவார்ம்மா. மாடிப்படி ஏறுறது நானும் என் டேப்பும்."

தலைவரம்மாவுக்குச் சிரிப்பும் தும்மலும் ஒன்றாக வந்துவிட்டது. டேப்பக்கா அந்த இடைவெளியை விடவில்லை.

"நான் கேட்கிறது ஒண்ணுதாம்மா. இது எங்க சொந்த ஆசைன்னா, எங்க ஆசையை வச்சா இத்தனை பேர் வாடகையை ஏத்தினீங்க, இறக்கினீங்க? நாளைக்கு ஒரு வீட்டுக்காரர் மேல்முறையீட்டுக்குப் போறார்னு வச்சுக்குங்க. 'அவங்க என் வீட்டைப் பார்த்தது வேலையே இல்லையாம், ஆபீஸே எழுதிக் கொடுத்திருக்கு'ன்னு இந்தக் குறிப்பைக் காட்டினா, இந்தப் புத்தகத்துல எத்தனை உத்தரவு நிக்கும்?"

கைக்குட்டை மேஜைக்கு இறங்கியது. நீதிபதியாக இருந்தவருக்கு அந்தக் கேள்வியின் ஆழம் அந்த அறையில் வேறு யாரைவிடவும் சீக்கிரம் புரிந்தது. நிதி அதிகாரியின் கையிலிருந்த குறிப்பை வாங்கி, அதைக் கவிழ்த்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

நிதி அதிகாரி லேசில் விடுகிறவர் இல்லை. "நியாயம் இருக்கலாம். பணத்துக்கு எங்கே போறது? வீடு பார்க்கிற ஒவ்வொரு நாளுக்கும் படின்னா செலவு எகிறிடும்."

"எகிறாது சார். வீட்டை நேரில் பார்த்துட்டா வக்கீலுக்கு வாய்தா வாங்க வாய் வராது. சீக்கிரம் முடிஞ்சுடும்."

"அது உங்க அபிப்பிராயம்."

"இல்ல சார்" என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். பதிவாளர்.

அவர் கடிகாரத்தை ஒரு தடவை திருகினார். "அபிப்பிராயம் இல்ல. நேரில் பார்த்த வழக்கு சராசரியா ரெண்டு அமர்வுல முடிஞ்சிருக்கு. பார்க்காதது அஞ்சு. பதிவேடு என்கிட்ட இருக்கு. யாரும் கேட்கலை, அதனால நான் சொல்லலை."

டேப்பக்கா அவரையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் மூக்குக் கண்ணாடிக்காரர் வாய் திறந்தார். அவர் நீலப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து இத்தனை நேரமும் பக்கம் பக்கமாகத் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல வீடு பார்த்த தேதியில பதினேழு ஞாயிற்றுக்கிழமை" என்றார். அவ்வளவுதான். புத்தகத்தை மூடினார்.

"மூணு மணிக்கு முடிவு சொல்றோம்" என்றார் தலைவரம்மா. "எல்லாரையும் வரச் சொல்லுங்க, பதிவாளர். பன்னெண்டு பேரையும்."

*

வெளியே வந்தபோது பெஞ்சில் குழாய்க்காரர் பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டு டப்பா. சட்டையெல்லாம் பல் தேய்த்த வெள்ளைப் பொடி.

"என்னங்க, பட்டறையைப் போட்டுட்டா வந்தீங்க?"

"நாலு செட்டுக்கு என்ன பட்டறை." நகர்ந்து இடம் கொடுத்தார். "உட்காரு. கால் வீங்கியிருக்கு பாரு."

டப்பாவைத் திறந்தார். அவள் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் ஆரம்பித்தார்.

"காலையில நீ கிளம்பினப்புறம் அந்தக் கீழ்த் தாடையைக் கொண்டு போய்க் கொடுத்தேன். பொருத்திப் பார்த்துட்டு, இடது பக்கம் இடிக்குது, சரி பண்ணிக் கொண்டாங்கன்னார் டாக்டர். மூணாவது தடவை. செட்டுக்குத்தான் காசு. ட்ரையல் பார்க்கப் போய் நிக்கிறதுக்கும் திருப்பித் தேய்க்கிறதுக்கும் யாரும் எனக்குக் காசு கொடுத்ததில்ல. முப்பது வருஷமா அதுல ஒரு தப்பு இருக்குன்னே எனக்குத் தோணலை."

"அதுக்கு?"

"வாசல்ல நின்னேன். உன் ஞாபகம் வந்துது. திரும்ப உள்ளே போய், சார், இனிமே ரெண்டாவது ட்ரையல்லேருந்து தனியாக் காசுன்னேன்."

டேப்பக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டாள். இந்த மனுஷரா? ஹோட்டலில் தண்ணீர் கேட்பதற்கே இவளைப் பார்ப்பவர்.

"என்ன சொன்னார்?"

"யோசிக்கிறேன்னார்."

"யோசிக்கட்டும்."

"நானும் அதைத்தான் சொன்னேன். 'யோசிங்க சார், மெஷின் கடைக்காரன் வந்து வாய்க்குள்ள எட்டிப் பார்க்க மாட்டான்'னு." சொல்லிவிட்டுத் தானே ஆச்சரியப்பட்டவர்போலச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீ கையெழுத்துப் போட்டியா?"

"இல்ல."

"நல்லது" என்றார் அவர். டப்பாவின் மூடியை எடுத்து அவளுக்கு விசிற ஆரம்பித்தார். குழாய்க்காரர் நாசூக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

மூன்று மணிக்கு அறையில் நிற்க இடமில்லை. விலகிய பத்துப் பேரும் வந்திருந்தார்கள். யாரும் டேப்பக்காவின் கண்ணைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள்.

தலைவரம்மா எழுந்து நின்று வாசித்தார்.

வீட்டை நேரில் பார்ப்பது தீர்ப்பாயப் பணி, அதை நிறுத்தும் சுற்றறிக்கை வராது. அதற்குச் செல்லும் நாள் முழு அமர்வு நாள். அரை நாள் படி என்பது இனிமேல் கிடையாது, வழக்கு எத்தனை மணிக்கு முடிந்தாலும் சரி. இரண்டு அமர்வுக்கு ஒரு நாள் படி கூடுதல், வழக்குக் கட்டுப் படிக்கவும் உத்தரவு எழுதவும். பன்னிரண்டு பேருக்கும் மறுநியமனம், மூன்று வருஷம்.

யாரோ பின்னால் கைதட்ட ஆரம்பித்து, இடம் ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"ஏதாவது சொல்லணுமா?" தலைவரம்மா டேப்பக்காவைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு. போன தடவை நியமன உத்தரவுல, படி அவ்வப்போது நிர்ணயிக்கப்படும்னு ஒரு வரி மட்டும்தான் இருந்துது. இப்ப வாசிச்சீங்களே, அதை அப்படியே உத்தரவுலேயே டைப் அடிச்சுக் கொடுங்கம்மா. எங்களுக்கு எதையும் நேரில் பார்த்தாத்தான் நம்பிக்கை."

இந்தத் தடவை கைதட்டல் பாதியில் நிற்கவில்லை. முழுசாக அடித்து முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. குழாய்க்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். காலையில் சொல்ல வராத வார்த்தையெல்லாம் அந்தத் தட்டில் இருந்தது.

உத்தரவுகள் டைப் ஆகி வர நாலரை ஆகிவிட்டது. அவளுடையதைப் பதிவாளரே கொண்டுவந்து கொடுத்தார்.

"என் பேரை நீங்க சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் டேப்பக்கா. "நீங்களும் அந்த ரெண்டு, அஞ்சைச் சொல்லாம இருந்திருக்கலாம்."

அவர் முதல் முறையாகச் சிரித்தார். "அடுத்த வருஷத்து பட்ஜெட்டை நான் எப்படிப் போடப் போறேன்னு யாராவது நேரில் வந்து பாருங்க. அதுக்குப் படி கிடையாது."

*

வீட்டுக்குள் நுழைவதற்குள் செய்தி நுழைந்துவிட்டது. மகள் ஆபீசிலிருந்தே இனிப்புப் பெட்டியோடு வந்திருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. விலகிய பத்துப் பேரில் ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டார்கள். மகள்தான் எடுத்தாள்.

"அம்மா கை கழுவறாங்க அங்கிள்... இல்லையே, கோவமெல்லாம் இல்லையே... ஆமா, உங்களுக்கும் சேர்த்துத்தான்... இருங்க, அழாதீங்க அங்கிள், அப்புறம் நானும் அழுதுடுவேன்." வைத்துவிட்டு உரக்கச் சொன்னாள். "இது ஏழாவது! இதுக்கும் ஒரு படி போட்டுக் கொடும்மா."

கணவர் நியமன உத்தரவை மூன்று தடவை வாசித்தார். பிறகு பட்டறைக்கு எடுத்துப் போய், பல் வார்க்கும் விளக்கின் வெளிச்சத்தில் நாலாவது தடவையும் வாசித்தார். "முழு அமர்வு நாள்னே போட்டிருக்கான்" என்று அங்கிருந்தே கத்தினார், யாருக்கும் தெரியாததுபோல.

மாமனார் மட்டும் சாப்பிடவில்லை. இனிப்பை எடுத்தார், கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, கௌரவம் கொஞ்சம் குறைஞ்சு போச்சா?" என்று சீண்டினாள் டேப்பக்கா. ஜெயித்த நாளில் யாரையாவது சீண்டாமல் இருக்க முடியுமா?

"இல்லம்மா. கூடிப்போச்சு" என்றார் அவர். குரல் என்னவோ போல் இருந்தது. அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

உத்தரவோடு ஒரு படிவமும் இணைத்திருந்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்குள் நிரப்பிக் கொடுத்தால்தான் நியமனம் செல்லும். பெயர், முகவரி, பிறந்த தேதி. டேப்பக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடகடவென்று எழுதிக்கொண்டு போனாள். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரே கேள்வி. மகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"உங்கள் குடும்பத்தில், உங்களுடன் வசிப்பவர் எவருக்காவது, வாடகைக்கு விடப்பட்ட வீடு சொந்தமாக உள்ளதா? ஆம், இல்லை."

"நமக்கா? வாடகைக்கு விட வீடா?" கணவர் பட்டறை வாசலிலிருந்து சிரித்தார். "அடிச்சு விடு, இல்லைன்னு."

டேப்பக்கா 'இல்லை' என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்தாள்.

"இரும்மா."

மாமனார் எழுந்து வந்திருந்தார். இனிப்பை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகனைப் பார்க்கவில்லை, பேத்தியைப் பார்க்கவில்லை. மருமகளின் கையில் இருந்த பேனாவை மட்டும் பார்த்தார்.

"அதுல ஆமான்னு போடும்மா" என்றார். "எனக்கு ஒரு வீடு இருக்கு. இருபத்திரண்டு வருஷமா இருக்கு. அதுல குடியிருக்கிறவங்களுக்கு உங்க தீர்ப்பாயத்துலேருந்து போன வாரம் ஒரு வாடகை வழக்கு நோட்டீஸ் போயிருக்கு."